ஜூபிட்டர்ஹப் அப்கிரேடுக்குப் பிறகு மாணவர்கள் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை – அவசரம்

லேப்_சுகு | வியாழன், காலை 8:40
வணக்கம். எங்கள் பல்கலையில் எல்லாத் துறைக்கும் பொதுவான டேட்டா அனாலிசிஸ் சர்வர் இருக்கிறது. மாணவர்கள் உலாவியிலேயே பைதான், ஆர் நோட்புக் திறக்க அதில் ஜூபிட்டர்ஹப் ஓடுகிறது. நேற்று இரவு அப்கிரேட் செய்தோம். இன்று காலையிலிருந்து எந்த மாணவர் லாகின் செய்தாலும் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு என்று வருகிறது. கடவுச்சொல் சரிதான், பக்கத்தில் நின்று பார்த்தேன். ராத்திரி நாங்கள் சோதித்தபோது நன்றாக வேலை செய்தது. திங்கட்கிழமை எம்.எஸ்சி. பிராக்டிக்கல். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நிரலி | 8:52
எதிலிருந்து எதற்கு அப்கிரேட்? ஹப்பையா, ஓஎஸ்ஸான உபுண்டுவையா, இரண்டையுமா? லாகின் எதன் வழியாக: எல்டேப் (பல்கலையின் மையப் பயனர் பட்டியல்), பேம் (லினக்ஸின் சொந்த லாகின் சரிபார்ப்பு), கூகுள்? அந்த நேரத்தில் ஹப் லாகில் என்ன வரி விழுகிறது? இதெல்லாம் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

பழைய_ரேக் | 8:58
டிஸ்க் நிறைந்திருக்கும், அதைப் பாருங்கள். டிஎஃப் -எச் கொடுத்தால் இடம் இருப்பதாகக் காட்டும், அதை நம்பாதீர்கள். டிஎஃப் -ஐ கொடுத்து ஐநோட் (எத்தனை கோப்பு வைக்கலாம் என்ற கணக்கு) பாருங்கள். ஒவ்வொரு மாணவரும் தன் ஹோமில் தனித்தனியாக பைதான் சூழல் போட்டு வைப்பார்கள். ஒரு சூழலுக்கே பல்லாயிரம் சின்னச் சின்னக் கோப்புகள். இடம் மிச்சமிருக்கும்போதே ஐநோட் தீர்ந்துபோகும்.

ரூட்_மூத்தவன் | 9:05
செமஸ்டர் நடுவில், தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் அப்கிரேட். ரிலீஸ் நோட்ஸ் படித்தீர்களா? படித்திருந்தால் இங்கே வந்திருக்க மாட்டீர்கள். ஒரு சர்வரைக் கையில் எடுப்பவருக்கு முதல் பாடம் அதுதான். வாரம் ஒருவர் இப்படி வந்து நிற்கிறார்.

லேப்_சுகு | 9:21
உபுண்டு 24.04. ஹப் 5. எல்டேப் லாகின். டிஸ்க் 61 சதவீதம்தான், ஐநோட்டும் நிறையவில்லை.

நிரலி | 9:26
சுகு, அது இன்று இருப்பது. நேற்று வரை என்ன இருந்தது? எல்டேப் என்றால் ஹப் நேராக எல்டேப்பைக் கேட்கிறதா, எல்டேப்பை லினக்ஸோடு இணைக்கும் எஸ்எஸ்எஸ்டி வைத்து பேம் வழியாகப் போகிறதா? ஒரு மாணவர் கணக்கில் ஹப் இல்லாமல் நேராக சர்வருக்கு எஸ்எஸ்எச் செய்து பாருங்கள். அது நுழைந்தால் எல்டேப் பக்கம் தேடவே வேண்டாம்.

மாறன்_நெட் | 9:30
எஸ்எஸ்எஸ்டி கேஷ்தான். ஓஎஸ் மாறினால் பழைய கேஷ் ஒத்துவராது. எஸ்எஸ்எஸ்_கேஷ் -ஈ கொடுத்து சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பழைய_ரேக் | 9:33
ஹோம் வேறு பார்ட்டிஷனா? அதில் ஐநோட் பார்த்தீர்களா?

லேப்_சுகு | 10:02
ஹோமிலும் பார்த்தேன், சரியாக இருக்கிறது. கேஷ் அழித்தேன், மாற்றமில்லை. எஸ்எஸ்எஸ்டி, பேம்தான். மாணவர் கணக்கில் எஸ்எஸ்எச் போகிறது, அதே கடவுச்சொல். ஆசிரியர்கள் இரண்டு பேருக்கு ஹப் திறக்கிறது, மற்ற ஆசிரியர்களுக்கும் வரவில்லை.

நேற்று வரை 22.04. ஹப் 1.5 என்று நினைக்கிறேன். ஓஎஸ் அப்கிரேட் முடிந்ததும் ஹப் கிளம்பவில்லை, மாட்யூலே இல்லை என்றது. அதனால் புது வென்வ் (தனி பைதான் சூழல்) உருவாக்கி, பைதானின் பிப் கருவியில் இன்ஸ்டால் செய்தோம். பிறகு டேட்டாபேஸ் பழையது என்று நின்றது, அது சொன்னபடியே அப்கிரேட்-டிபி கொடுத்தோம். லாகில் ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் ‘நாட் அலவ்ட்’ என்று வருகிறது.

நிரலி | 10:11
காரணம் அந்த லாக் வரியிலேயே இருக்கிறது. கடவுச்சொல் சரியென்று பேம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு ஹப்தான் இவருக்கு அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. லாகின் பக்கம் இரண்டுக்கும் ஒரே செய்தியைக் காட்டுவதால்தான் எல்லோரும் கடவுச்சொல்லைத் துரத்துகிறார்கள்.

நடந்தது இதுதான். 22.04-இல் பைதான் 3.10, 24.04-இல் 3.12. உங்கள் பழைய வென்வின் தொகுப்புகள் 3.10 கோப்புறையில் கிடக்கின்றன, அதன் பைதான் இணைப்போ இப்போது 3.12-ஐக் காட்டுகிறது. மாட்யூல் இல்லை என்றது அதனால். வெர்ஷன் எண் கொடுக்காமல் பிப்பில் போட்டதால் 1.5 இருந்த இடத்தில் நேராக 5 வந்து உட்கார்ந்துவிட்டது.

2024-இல் வந்த 5.0-இல் ஒரு பெரிய மாற்றம். அதற்கு முன்பு யாரை அனுமதிப்பது என்று கான்ஃபிகில் எதுவும் எழுதாவிட்டால், அடையாளம் சரியான எல்லோரும் உள்ளே போகலாம். இப்போது எழுதாவிட்டால் யாருக்கும் அனுமதி இல்லை. நல்ல மாற்றம்தான். வெளி லாகின் வைத்திருந்த ஹப்களில் பட்டியல் எழுத மறந்தால் ஊரே உள்ளே வரலாம் என்ற நிலை இருந்தது.

ஜூபிட்டர்ஹப்_கான்ஃபிக் கோப்பில் இதைச் சேர்த்து ஹப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள்:

சி.ஆதென்டிகேட்டர்.அலவ்_ஆல் = ட்ரூ

உள்ளே போகும் அந்த இரண்டு ஆசிரியர்களும் அட்மின் பட்டியலில் இருப்பார்கள், பாருங்கள். அட்மினுக்கு எப்போதும் அனுமதி உண்டு. ராத்திரி நீங்கள் சோதித்ததும் அட்மின் கணக்கில்தான் இருக்கும். அடுத்த முறை அட்மின் அல்லாத, இதுவரை ஹப்பில் நுழையாத ஒரு மாணவர் கணக்கை வைத்துச் சோதியுங்கள். அது உள்ளே போய், நோட்புக் திறந்து, ஒரு செல் ஓடி முடித்த பிறகுதான் அப்கிரேட் முடிந்ததாக அர்த்தம்.

மாறன்_நெட் | 10:19
அலவ்_ஆல் கொஞ்சம் ஆபத்து. பல்கலை எல்டேப்பில் அலுவலக ஊழியர், படித்து முடித்துப் போனவர்கள் எல்லோரும் இருப்பார்கள். அலவ்ட்_குரூப்ஸில் மாணவர், ஆசிரியர் குழுக்களை மட்டும் கொடுப்பது நல்லது.

நிரலி | 10:22
சரிதான். ஆனால் இன்றைக்கு அலவ்_ஆல் போட்டு வேலையை நடத்தட்டும். 1.5-இலும் எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. குழுக்களைத் தேர்வு முடிந்து நிதானமாகச் செய்யலாம்.

ரூட்_மூத்தவன் | 10:40
நான் முதலில் சொன்னதுதான். ரிலீஸ் நோட்ஸில் இது தலைப்பிட்டே இருக்கிறது. 22.04-க்கு 2027 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். நடுவில் ஓஎஸ் மாற்ற என்ன அவசரம்? ஓஎஸ்ஸையும் ஹப்பையும் ஒரே ராத்திரியில் மாற்றினால் எது உடைத்தது என்று எப்படிப் பிரிப்பது? ஹப்பை, தனக்கென்று பைதான் வைத்துக்கொள்ளும் கோண்டாவில் வைத்திருந்தால் ஓஎஸ் மாறினாலும் அதன் பைதான் அசைந்திருக்காது.

கயல்_ஸ்டாட்ஸ் | 10:52
மூத்தவன் சார், பல்கலையில் அப்கிரேட் தேதியை சர்வர் பார்ப்பவர் முடிவு செய்வதில்லை. ஆடிட் அறிக்கையில் பழைய ஓஎஸ் என்று ஒரு வரி வந்தால் போதும், அடுத்த வாரமே மாற்று என்று கடிதம் வரும். பாடம் நடத்தும் எங்களைக் கேட்பதும் இல்லை. அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன்?

பழைய_ரேக் | 10:57
கோண்டா என்றால் லைசென்ஸ் பார்த்தீர்களா? 2020-இல் அதன் பின்னால் உள்ள அனகோண்டா நிறுவனத்தின் விதிமுறை மாறியது. 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனம் பேக்கேஜ்கள் இறங்கும் அவர்களுடைய டீஃபால்ட்ஸ் சேனலைப் பயன்படுத்தினால் பணம் கட்ட வேண்டும். பல்கலையில் 200 பேர் இல்லாமலா?

ரூட்_மூத்தவன் | 11:04
அரைகுறையாகச் சொல்லாதீர்கள். கோண்டா என்ற கருவி இலவசம், திறந்த மூலம். பணம் அந்த நிறுவனத்தின் சேனலுக்கு மட்டும். மினிஃபோர்ஜ் இன்ஸ்டாலர் போட்டு, சமூகம் நடத்தும் கோண்டா-ஃபோர்ஜ் சேனலை மட்டும் வைத்தால் ஒரு பைசா வேண்டாம்.

பழைய_ரேக் | 11:09
உங்களுக்குத் தெரியும் சார். மாணவருக்குத் தெரியுமா? அவர் இணையத்தில் பார்த்த வரியை அப்படியே ஒட்டுவார், டீஃபால்ட்ஸிலிருந்து இறங்கும். சர்வர் பல்கலையின் முகவரியில் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டியது பல்கலை.

மாறன்_நெட் | 11:13
பாடம் நடத்துவதற்கு அதில் விலக்கு உண்டே?

பழைய_ரேக் | 11:15
பாடத்துக்கு. அதே சர்வரில் ஆராய்ச்சித் திட்டங்களும் ஓடினால்? பொது சர்வரில் இதைப் பிரிக்க முடியாது. சிஸ்டம் அளவிலான கோண்டா கான்ஃபிகில் கோண்டா-ஃபோர்ஜ் ஒன்றை மட்டும் எழுதி டீஃபால்ட்ஸை நீக்குங்கள். ஐநோட் தொல்லையும் கோண்டாவால்தான் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

நிரலி | 11:20
இதற்குத் தனி இழை தொடங்குங்கள். சுகு, என்ன ஆயிற்று?

லேப்_சுகு | மதியம் 12:35
அலவ்_ஆல் போட்டதும் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நிரலி அக்கா, மிக்க நன்றி. அட்மின் பட்டியலில் அந்த இருவர்தான் இருக்கிறார்கள்.

இப்போது புள்ளியியல் துறையிலிருந்து போன். ஆர் பேக்கேஜ் எல்லாம் காணாமல் போய்விட்டதாம். எஸ்எஃப், டைடிவெர்ஸ் எதுவும் இல்லை. ஹோம் கோப்புகளை நாங்கள் தொடவே இல்லை.

கயல்_ஸ்டாட்ஸ் | 12:44
எதுவும் அழியவில்லை தம்பி. 22.04-இல் ஆர் 4.1, 24.04-இல் 4.3. மாணவர் சொந்தமாகப் போட்ட பேக்கேஜ்கள் ஹோமில் ஆர் என்ற கோப்புறைக்குள் 4.1 என்ற பெயரில் அப்படியே இருக்கும். புது ஆர் 4.3 என்ற கோப்புறையைத் தேடுகிறது, அது காலி. பெயரை மட்டும் மாற்றி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சி, சி பிளஸ் பிளஸ் கலந்து கம்பைல் ஆனவை பழைய ஆருக்கும் பழைய லைப்ரரிகளுக்கும் கட்டப்பட்டவை. எஸ்எஃப் பழைய ஜிடால் லைப்ரரியைத் தேடி, கிடைக்காமல் லோடாகும்போதே விழும்.

ஒவ்வொரு மாணவரையும் மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னால், எண்பது பேர் ஒரே நேரத்தில் எஸ்எஃப் கம்பைல் செய்வார்கள், சர்வர் படுத்துவிடும். பாடத்திட்டத்துக்கு வேண்டிய பேக்கேஜ்களை நீங்களே ஒரே தடவை எல்லோருக்கும் பொதுவான சைட்-லைப்ரரியில் போட்டுவிடுங்கள். ஆர்டூயூ என்ற ஏப்ட் (உபுண்டுவின் இன்ஸ்டால் கருவி) களஞ்சியம் இருக்கிறது, ஆரின் பொதுத் தொகுப்பான க்ரானில் உள்ள பேக்கேஜ்களை உபுண்டுவுக்குக் கம்பைல் செய்தே தருகிறது, 24.04-க்கும் உண்டு. ஜிடால் மாதிரி சார்புகளையும் ஏப்ட்டே இழுத்துவரும். எந்தெந்தப் பேக்கேஜ் வேண்டும் என்று தெரிய மாணவர்களின் 4.1 கோப்புறைகளைப் பட்டியல் எடுத்தாலே போதும்.

பழைய_ரேக் | 12:50
பட்டியல் எடுத்த பிறகும் 4.1 கோப்புறைகளை உடனே அழிக்க வேண்டாம். தேர்வு முடியட்டும். அதுவரை ஐநோட் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

நிரலி | 1:05
தேர்வு முடிந்ததும் பிப் ஃப்ரீஸ் எடுத்து எல்லா வெர்ஷன் எண்களையும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். ஜூபிட்டர்ஹப்.எஸ்க்யூலைட், குக்கி சீக்ரெட், கான்ஃபிக் மூன்றையும் பேக்கப் எடுங்கள். அப்கிரேட்-டிபி கொடுத்தபோது பழைய டேட்டாபேஸின் நகல் ஒன்றைத் தேதியோடு அதே இடத்தில் வைத்திருக்கும், அதையும் பத்திரப்படுத்துங்கள். இன்னொன்று, திங்கட்கிழமை எத்தனை பேர் ஒரே நேரத்தில்? ரேம் எவ்வளவு? ஒரு பயனருக்கு மெமரி லிமிட் இருக்கிறதா?

லேப்_சுகு | மாலை 6:10
ஆர்டூயூ வழியாகப் போட்டாயிற்று, எஸ்எஃப் லோடாகிறது. மாணவர் கணக்கிலும் பார்த்தேன், சரி. அனைவருக்கும் நன்றி.

நிரலி | 6:18
நல்லது. மெமரி லிமிட்?

மாறன்_நெட் | வெள்ளி, காலை 9:02
நம்பை கணக்குப் போடப் பயன்படுத்தும் ஓபன்பிளாஸின் த்ரெட் எண்ணிக்கையையும் பாருங்கள் சுகு. ஒன்றும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு மாணவரின் பைதானிலும் நம்பை லைப்ரரி சர்வரில் உள்ள அத்தனை கோருக்கும் த்ரெட் திறக்கும். ஓஎம்பி_நம்_த்ரெட்ஸை இரண்டு என்று ஹப் கான்ஃபிகிலேயே வைத்துவிடலாம்.

கயல்_ஸ்டாட்ஸ் | வெள்ளி, காலை 10:30
எங்கள் துறைக்கும் அடுத்த மாதம் 24.04-க்கு மாறச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அலவ்ட்_குரூப்ஸை எஸ்எஸ்எஸ்டியோடு ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?