புதுப்பிப்பு: ஓட்டுக் கூரையா, செம்மண்ணா?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துக் குடியிருப்புகளைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைபடமாக்குவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. கணினி செம்மண் தரிசையெல்லாம் ஓட்டு வீடு என்று காட்டுகிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்.

மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிடுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரிசு பச்சை பிடித்துவிடுகிறது, ஓடு ஓடாகவே இருக்கிறது. கூடவே சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படத்தையும் சேர்த்தேன். தரையில் பட்ட அலை சுவரிலும் மோதித் திரும்புவதால் கட்டடம் பளிச்சென்று தெரிகிறது. பிழை நன்றாகவே குறைந்துவிட்டது.

வளவு, அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும், மட்டும் இன்னும் படுத்துகிறது. சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதற்குள் பாதி ஓடு, பாதி வானம் பார்த்த முற்றம் என்றால் கணினி எதென்று சொல்லும்?

சரி, இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. சரிபார்க்க நேரில் போனபோது, தெரு விட்டுத் தெரு நீளும் ஒரு வீட்டின் முகப்புக் கதவில் பூட்டு துருவேறிக் கிடந்தது. எதிர்வீட்டு ஆச்சி, "கல்யாணம், படைப்புன்னா வருவாக தம்பி, மத்த நாள்ல பூட்டுத்தான்" என்றார். (படைப்பு என்பது முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது.) என் வரைபடத்தில் அது முழுக் குடியிருப்பு! கூரைப் பரப்பை வைத்து மக்கள்தொகையைக் கணக்கிட்டால் இந்த ஊர்களில் பெரிய தப்பாகிவிடும். அதனால் கட்டடத்துக்கு ஒன்று, ஆள் வசிக்கும் வீட்டுக்கு ஒன்று என இரண்டு வரைபடமாகப் பிரிக்கிறேன். அடுத்த வாரம் ஆத்தங்குடியில் தெருத் தெருவாக நடந்து குறிக்கப் போகிறேன்.