14 மாதம் ஓடாத ஓ-320: சிலிண்டரைக் கழற்றிப் பார்க்கணுமா?

சிறு விமானத்தின் பிஸ்டன் இன்ஜின், லைகாமிங் ஓ-320. ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) முடிந்து 1,100 மணி நேரம், 11 வருடம். கடைசி 14 மாதம் பறக்கவே இல்லை. நிறுத்தி வைக்கும்போது துருவைத் தடுக்கும் பிரிசர்வேஷன் ஆயிலும் ஊற்றவில்லை. நடுவில் மாதம் ஒருமுறை தரையில் பத்து நிமிடம் ஓட்டியிருக்கிறார்கள். அதுதான் பெரிய கவலை. ஆயில் சூடு 82 டிகிரி செல்சியஸ் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றால்தான் உள்ளே சேரும் தண்ணீர் ஆவியாகும். அரைகுறைச் சூட்டில் அது ஆயிலோடு கலந்து அமிலமாகிவிடும். சும்மா விட்டிருந்தாலே தேவலை.

கம்ப்ரெஷன் சோதனையில் (சிலிண்டருக்குள் 80 psi காற்றழுத்தம் கொடுத்து எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது) 80க்கு 74 முதல் 77 வரை. இதை நம்பி உட்கார முடியாது. அது வால்வும் ரிங்கும் பிடிக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். இந்த இன்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருப்பதால் ஆயில் வடிந்ததும் முதலில் துருப்பிடிப்பது கேம் லோபும் (கேம்ஷாஃப்டின் மேடு) அது தள்ளும் டேப்பட்டும். உள்ளே விட்டுப் பார்க்கும் குட்டிக் கேமராவான போர்ஸ்கோப்பில் இரண்டு சிலிண்டர் சுவரில் லேசான துரு தெரிகிறது, குழி விழவில்லை.

ஓவர்ஹாலுக்குத் தயாரிப்பாளர் சொல்வது 2,000 மணி அல்லது 12 வருடம், எது முதலோ அது. எப்படியும் ஒரு வருடம்தான் பாக்கி.

கேட்பது இதுதான்: ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமை நேரில் பார்த்துவிட்டே கிளப்பலாமா? இல்லை, ஆயில் மாற்றி, 10 மணி பறந்து, ஃபில்டரை வெட்டிக் காந்தத்தில் ஒட்டும் இரும்புத்தூளைப் பார்த்தால் போதுமா? டேப்பட்டின் மேற்பரப்பு உரிந்திருந்தால், அந்த 10 மணிக்குள் தூள் ஆயில் பம்ப்புக்குள் போய்விடாதா? பிரித்துப் பார்த்த மெக்கானிக்குகள் சொல்லுங்கள்.