51 எப்படி 24 ஆனது? ஒக்லஹோமா தம்பிக்கும் மற்ற ஊராருக்கும்

அன்புள்ள ஊராருக்கு வணக்கம்.

பத்து நாட்களாக நம் மடற்குழுவில் நடக்கும் சண்டையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எண்ணூரில் மின்சாரம் போய்ப் போய் வந்ததால் பதில் தாமதமானது என்று சொல்லலாம். எல்லோருக்கும் சூடு தணியட்டும் என்று காத்திருந்தேன் என்பதுதான் உண்மை.

தொடங்கி வைத்தவர் அமெரிக்காவில் இருக்கும் ஒக்லஹோமா தம்பி. 2013 மே 20 அன்று அவருக்குப் பக்கத்து ஊரான மூர் நகரத்தை டொர்னேடோ என்னும் சுழல்காற்று அடித்துப் போட்டது. அன்றிரவு பிரேதப் பரிசோதனை அலுவலகம் 51 பேர் இறந்ததாகச் சொன்னது. மறுநாள் காலையில் அதே அலுவலகம் 24 என்றது. "அங்கேயும் மறைத்தார்களா?" என்று தம்பி இத்தனை ஆண்டு கழித்துக் கேட்கிறார். உடனே குவைத் அண்ணன் சுனாமியை இழுத்தார், சிங்கப்பூர் அக்கா கொரோனாச் சாவுகளைக் குறைத்துக் காட்டினார்கள் என்று இழுத்தார், கடைசியில் எல்லா அரசுகளும் பொய்க் கணக்குதான் எழுதுகின்றன என்று தீர்ப்பாகிவிட்டது. பிறப்பு இறப்புப் பதிவேட்டின் முன் உட்கார்ந்தே தலை நரைத்தவன் என்ற முறையில் நான் வாயைத் திறக்க வேண்டியதாகிறது.

மூரில் யாரும் மறைக்கவில்லை. குழப்பத்தில் சில உடல்களை இரண்டு முறை எண்ணியிருந்தார்கள். இது எப்படி நடக்கும் என்பது வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காது. இடிபாட்டிலிருந்து உடலைத் தூக்கியவர் "ஒன்று" என்று வயர்லெஸ்ஸில் சொல்வார். வண்டியில் ஏற்றியவர் "ஒன்று" என்பார். பிணவறையில் இறக்கியவரும் "ஒன்று" என்பார். மூவரும் சொன்னது உண்மைதான். ஆனால் மூவரும் எண்ணைச் சொன்னார்கள், பெயரைச் சொல்லவில்லை. எண்ணோடு எண்ணைச் சேர்த்தால் கூடிக்கொண்டேதான் போகும். பெயரோடு பெயரை வைத்துப் பார்த்தால்தான் மூன்றும் ஒரே ஆள் என்பது தெரியும். இருட்டிலே, தொலைபேசி இல்லாமல், அழுகைக்கு நடுவில் அதைச் செய்வதற்கு ஒரு இரவு ஆகும். அவர்களுக்கு ஒரே இரவுதான் ஆனது. அது எனக்கு ஆச்சரியம்.

பெயர் வைத்து எண்ணுவதும் லேசான காரியமில்லை. 2004 டிசம்பர் 26-க்கு மறுநாள் நம் கோயில் வாசலில் கரும்பலகை வைத்துக் காணாதவர் பெயர்களை எழுதினோமே, பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதில் என் சித்தப்பா பெயரும் இருந்தது. மூன்றாம் நாள் அவர் பழவேற்காட்டில் தங்கை வீட்டிலிருந்து நடந்து வந்து சேர்ந்தார். பலகையைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். செத்தவர் பட்டியலில் சேர்த்ததற்காக அல்ல, தகப்பன் பெயரின் முதல் எழுத்தைத் தப்பாகப் போட்டதற்காக. அவரையே பட்டப்பெயரில் இன்னொருவர் கீழே எழுதியிருந்தார் என்பதை அப்புறம்தான் கண்டோம். ஆக அவர் இரண்டு முறை இறந்திருந்தார், இரண்டு முறையும் உயிரோடு இருந்தார். குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், கடலில் கூப்பிட ஒரு பெயர் என்று வாழும் நம் ஆட்களை எண்ணுவது சும்மா இல்லை. நமக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. ஒரு குப்பத்தில் ஒரே பெயரில் ஏழு பேர் இருப்பார்கள்.

"காணவில்லை" என்ற சொல்லைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். சுனாமியில் இந்தியா முழுவதற்கும் அரசு சொன்ன கணக்கு இறந்தவர் 10,749, காணாதவர் 5,640. நாளிதழ் இரண்டையும் கூட்டிப் போடும். மறுபக்கம் ஒருவர் கூட்டாமல் போடுவார். இருவரும் ஒருவரை ஒருவர் பொய்யர் என்பார்கள். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஜாப்லின் என்ற ஊரை 2011 மே 22 அன்று டொர்னேடோ அடித்தபோது முதலில் ஆயிரத்து ஐந்நூறு பேரைப் பற்றித் தகவல் இல்லை என்றார்கள். நாலாம் நாள் மாநில அரசு துணிந்து பெயர்ப் பட்டியலையே வெளியிட்டது: 232 பெயர்கள். வெளியிட்ட உடனே "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று ஆட்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். கடைசியில் நகரம் எழுதிக்கொண்ட சாவு 161. அங்கே உறவினர் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்வதை மட்டும் நம்பி உடலைக் கொடுக்கவில்லை. கைரேகை, பல், மரபணு என்று போனார்கள். குடும்பங்கள் கொதித்தன. எனக்கு அவர்களுடைய கோபமும் புரிகிறது, அதிகாரிகளின் பயமும் புரிகிறது. தப்பான உடலைப் புதைத்த வீட்டுக்குத் திரும்பிப் போய் என்ன சொல்வது?

அதே நாட்டின் கென்டக்கி மாநிலத்தில் 2021 டிசம்பர் 10 இரவு, மேஃபீல்டு என்ற ஊரில் ஒரு மெழுகுவத்தித் தொழிற்சாலை நொறுங்கியது. உள்ளே 110 பேர் இருந்தார்கள், நாற்பது பேரைத்தான் மீட்டோம் என்று ஆளுநரே சொன்னார். கேட்டவர்கள் கழித்துப் பார்த்து, எழுபது பேர் செத்தார்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் இறந்தவர்கள் பத்துக்கும் கீழேதான். மற்றவர்கள் இருட்டில் வெளியே வந்து வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். செல்பேசி வேலை செய்யவில்லை, சொல்ல முடியவில்லை. நமக்கும் இது புதிதல்ல. 2017-இல் ஒக்கி புயலின்போது கன்னியாகுமரிப் பக்கத்துத் தேவாலயப் பங்குகளில் எழுதிய காணாதவர் பட்டியல்கள் வாரக்கணக்கில் மாறிக்கொண்டே இருந்தன. படகுகள் லட்சத்தீவிலும் குஜராத்திலும் கரை சேர்ந்திருந்தன. கன்னியாகுமரியில் கடைசிவரை பெயர் பெயராகப் பிடித்துக்கொண்டு நின்றது ஊர்க்காரர்கள்தான்.

இவ்வளவு சொன்னதால் கணக்கு எப்போதும் இறங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கப்பூர் அக்கா சொன்னதில் பாதி சரி. டொர்னேடோவில் முதல் இரவின் எண் பெரும்பாலும் இறங்கும். ஆனால் மெல்லக் கொல்லும் பேரிடரில் எண் ஏறும். 2020 ஜூலை 22 அன்று தமிழக அரசு விடுபட்ட 444 கொரோனாச் சாவுகளைச் சேர்த்தது எல்லோருக்கும் தெரியும். மாநகராட்சி இறப்புப் பதிவேட்டையும் சுகாதாரத் துறைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் வந்தது அது. போர்ட்டோ ரிக்கோ தீவில் 2017-இல் மரியா புயலுக்கு அரசு முதலில் எழுதியது 64. ஓராண்டு கழித்து, வழக்கமான ஆண்டில் எத்தனை பேர் இறப்பார்கள், அந்த ஆண்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பதிவேடுகளைக் கழித்துப் பார்த்து 2,975 என்று ஏற்றுக்கொண்டார்கள். மின்சாரம் இல்லாமல் டயாலிசிஸ் நின்றவர், மருந்து கெட்டுப்போனவர் எல்லோரும் அதில் உண்டு.

ஜாப்லினிலும் அப்படி ஒரு கிளைக்கதை இருக்கிறது. காற்று மண்ணையும் மரச் சிம்பையும் உடம்புக்குள் செருகியதில் 13 பேருக்குப் புண்ணில் பூஞ்சை பிடித்து, அவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். 2021-இல் நம் மருத்துவமனைகளில் கருப்புப் பூஞ்சை என்று கேள்விப்பட்டோமே, அதே வகைத் தொற்று. காற்று அடித்தது சில நிமிடம். அதற்கான சாவு வாரங்கள் கழித்து வருகிறது. சுனாமித் தண்ணீரைச் சேற்றோடு குடித்துவிட்டுப் பிப்ரவரியில் நிமோனியாவில் இறந்த நம் மேலத்தெரு ஆளை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? காய்ச்சல் என்று எழுதினார்கள். அந்தக் காகிதத்தால் அவர் மனைவிக்கு நிவாரணம் கிடைக்காமல் போனது. எழுதிய எழுத்தர் கெட்டவர் அல்லர். படிவத்தில் இருந்த கட்டத்துக்குள் எழுதினார். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று, நம் பதிவு முறையில் சாவு நடந்த இடத்தில்தான் பதிவாகும், குடியிருந்த இடத்தில் அல்ல. எண்ணூர் ஆள் ஸ்டான்லி மருத்துவமனையில் இறந்தால் எண்ணூர் கணக்கில் வரமாட்டார். ராயபுரம் பக்கம் சாவு அதிகம், திருவொற்றியூர் பக்கம் குறைவு என்று யாராவது மண்டல வாரியாகப் படம் போட்டு அனுப்பினால் முதலில் இதைக் கேளுங்கள்.

சரி, எந்தப் பட்டியலிலும் வராதவர்களை எப்படிக் கணிப்பது? வழி இருக்கிறது, அதுவும் மீன்காரர் வழி. டென்மார்க்கில் பீட்டர்சன் என்ற மீனியலாளர் நூறாண்டுக்கு முன்பே தட்டை மீன்களுக்கு அடையாளம் கட்டிக் கடலில் விட்டு, மறுபடி வலை போட்டதில் எத்தனை அடையாள மீன் வருகிறது என்று பார்த்தார். ஆட்களுக்கும் அதே கணக்குதான். ஒரு பேச்சுக்கு, கோயில் பலகையில் 40 பெயர், மருத்துவமனைப் பட்டியலில் 30 பெயர், இரண்டிலும் இருப்பது 24 என்று வையுங்கள். மருத்துவமனையின் முப்பதில் 24 பேர் பலகையில் இருக்கிறார்கள் என்றால், பலகை ஐந்தில் நான்கு பங்கு ஆட்களைப் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். அதாவது நாற்பதை முப்பதால் பெருக்கி 24-ஆல் வகுத்தால் மொத்தம் 50. இரண்டு பட்டியலையும் சேர்த்தால் கையில் இருப்பது 46 பெயர்கள்தான். அப்படியானால் சுமார் நான்கு பேர் எங்கேயும் எழுதப்படவில்லை. 1949-இல் நம் நாட்டுச் சந்திரசேகரனும் அமெரிக்கர் டெமிங்கும் கல்கத்தாவுக்குப் பக்கத்துச் சிங்கூரில் பிறப்பு இறப்புப் பதிவு எவ்வளவு விடுபடுகிறது என்று இதே முறையில் கணக்கிட்டுக் காட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சியில் இதைக் கேட்டபோது, பதிவேட்டில் இல்லாதவரைப் பதிவேட்டைக் கொண்டே கண்டுபிடிக்கலாமா என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் இந்தக் கணக்கு ஏமாற்றும் இடமும் உண்டு. ஒரு பட்டியலைப் பார்த்து இன்னொரு பட்டியலை எழுதியிருந்தால் எல்லாப் பெயரும் பொருந்தும், விடுபட்டவர் யாருமில்லை என்று வரும். அதைவிட மோசம், இரண்டு வலையிலும் சிக்காத மீன். காசிமேட்டில் விசைப்படகு ஏறும் ஆந்திரக் கூலி ஆட்கள், மணலிப் பக்கம் தகரக் கொட்டகையில் தங்கி வேலை செய்யும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள்: இவர்கள் கோயில் பலகையிலும் வரமாட்டார்கள், குடும்ப அட்டையிலும் வரமாட்டார்கள். அவர்களுக்கு எந்தப் பெருக்கலும் வகுத்தலும் உதவாது. வங்கதேசத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று தௌலத்பூர், சாத்தூரியா பக்கம் அடித்த டொர்னேடோவில் சுமார் 1,300 பேர் என்று சொல்கிறார்கள்; உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற டொர்னேடோ அதுதான் என்பார்கள். அமெரிக்காவில் 1925-இல் மூன்று மாநிலங்களைக் கிழித்துக்கொண்டு போனதற்கு 695 என்று கடைசி இலக்கம் வரை எண் இருக்கிறது. 1,300 என்ற அந்த முழு எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, அங்கே பெயர்ப் பட்டியல் இல்லை என்பதே.

சேதக் கணக்கு இன்னும் பெரிய கூத்து. டொர்னேடோவின் வலிமைக்குத் தரும் தர எண்ணே (0 முதல் 5 வரை) காற்றை அளந்து வருவதல்ல, இடிந்ததைப் பார்த்து வருவது. வீடு, பள்ளி, மரம் என்று 28 வகைப் பொருள்கள் எப்படி உடைந்தன என்று பார்த்துக் காற்றின் வேகத்தை ஊகிக்கிறார்கள். 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவிலேயே எல் ரீனோ பக்கம் வந்தது இரண்டரை மைலுக்கு மேல் அகலம். ரேடார் பயங்கர வேகம் காட்டியது. ஆனால் அது பெரும்பாலும் வெட்டவெளியில் ஓடியதால், உடைக்கப் பொருள் இல்லாமல், தர எண் 3 என்றே எழுதினார்கள். உடைவதற்குச் சொத்து உள்ளவனுக்குத்தான் சேதம். ஜாப்லினுக்குச் சேதம் கிட்டத்தட்ட 280 கோடி டாலர் என்று சொல்ல முடிந்தது.

நமக்கு யார் சொல்வார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றிலும் முகத்துவாரத்திலும் எண்ணெய் வந்தபோது படகை எண்ணினார்கள், வலையை எண்ணினார்கள். எண்ண வந்த பையன்கள் நல்லவர்கள்தான். ஆனால் படகே இல்லாமல் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. எண்ணெய் நாற்றம் என்று எண்ணூர் மீனை யாரும் வாங்காமல் போன நாட்களுக்குக் கட்டம் இல்லை. கூடையைத் தலையில் சுமந்து திருவொற்றியூர் வரை போய், விற்காமல் அப்படியே திரும்பிய என் அண்ணியார் அன்றைக்கு ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த காசுக்கும் கட்டம் இல்லை. சிரிக்காதீர்கள், அவர் அதைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார். ஊரிலேயே சரியான சேதக் கணக்கு அந்தச் சுவர்தான்; பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.

எனவே, தம்பி, எனக்கு உங்கள் எல்லோரிடமும் கேட்க வேண்டியது இதுதான். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் ஊர்க் குடும்பங்களை எழுதி வைக்கும் நம் தலைக்கட்டு நோட்டைப் புதிதாக எழுதுகிறேன். பழைய நோட்டில் வரி கொடுக்கும் ஆண் தலைக்கட்டு மட்டும்தான் இருக்கிறது. இந்த முறை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும்: அட்டைப் பெயர், கூப்பிடும் பெயர், தகப்பன் அல்லது தாய் பெயர், எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் பக்கம், வெளியூரில் எந்த உறவினர் வீட்டுக்குப் போகும் வழக்கம். வாடகைக்கு இருக்கும் வடநாட்டுப் பிள்ளைகளையும் சேர்க்கிறேன். சங்கத்தில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும். நோட்டின் ஒரு படி கோயிலில், ஆளுக்கு ஒரு படி உங்களில் யாராவது இருவரிடம் இருக்க வேண்டும், வெள்ளத்தில் நோட்டே போய்விட்டால் என்ன செய்வது. ஆதார் எண்ணை யாரும் அனுப்ப வேண்டாம், அதை வைத்துக்கொள்ள எனக்குப் பயம்.

இனி ஏதாவது நடந்தால், "முந்நூறு பேராம்" என்று வந்ததை அப்படியே குழுவுக்குத் தள்ளிவிடாதீர்கள். ஒரு பெயரைச் சொல்லுங்கள். கடைசியாக யார், எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று சொல்லுங்கள். பாதிப் பேர் பழவேற்காட்டில் இருப்பார்கள்.

மேலத்தெருவில் கிணற்றுக்கு எதிரே பூட்டிக் கிடக்கும் இரண்டு வீடுகளுக்கு மட்டும் விவரம் கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்றில் இருந்த பாட்டியின் பேரன் துபாயில் இருப்பதாகச் சொன்னார்கள். யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனி மடல் எழுதச் சொல்லுங்கள். பாட்டியின் உண்மைப் பெயர் இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்புடன்,
பதிவேட்டு அண்ணன்
எண்ணூர்