மூன்று நாள் வெயில்: 0.4ஐ மூன்று தரம் பெருக்கலாமா?

வட்டைப்புள்ள (சம்மாந்துறை):
அஸ்ஸலாமு அலைக்கும். முதலாம் வருசம், புள்ளிவிபரவியல் அறிமுகப் பாடம். பயிற்சித்தாளில் ஒரு கணக்கு: ஒரு நாளில் மழை பெய்வதற்கான நிகழ்தகவு 0.6. தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்யாதிருக்க நிகழ்தகவு என்ன? சேர் 0.4 × 0.4 × 0.4 = 0.064 என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வாப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. பெரும்போக நெல்லை றோட்டில் காயப்போட்டுவிட்டு வானத்தையே பார்த்திருக்கும் மனுசன் அவர். "மழை பிடிச்சா விடாது, வெயில் எறிச்சா அடுத்த நாளும் எறிக்கும். வானம் என்ன தாயக்கட்டையா?" என்கிறார். யார் சரி?

கல்லடிப் பொடியன்:
பரீட்சையில் 0.064தான். 'சாரா நிகழ்ச்சிகள் எனக் கொள்க' என்று கேள்வியில் இருக்கும், அதாவது ஒரு நாள் நடப்பது மற்ற நாளின் நிகழ்தகவை மாற்றாது என்று. வடிவாகப் பாருங்கள்.

வட்டைப்புள்ள:
பார்த்தேன், அந்த வரி இல்லை.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தி (களுவாஞ்சிக்குடி):
அந்த வரி இல்லையென்றால் கணக்கே முழுமையில்லை, தங்கச்சி. நிகழ்தகவுகளை அப்படியே பெருக்குவது சாரா நிகழ்ச்சிகளுக்கு மட்டும்தான். மற்றபடி நிபந்தனை நிகழ்தகவு வேண்டும், அதாவது ஒன்று நடந்தது தெரிந்தபின் மற்றது நடப்பதற்கான நிகழ்தகவு. வாப்பா சொல்வதை எண்ணாக்குவோம். இவை நான் வைத்துக்கொண்ட எண்கள், வானிலைத் தரவு அல்ல: இன்று மழையென்றால் நாளை மழைக்கு 0.8, இன்று மழை இல்லையென்றால் 0.3. அப்போதும் மொத்தத்தில் மழைக்கு 0.6 × 0.8 + 0.4 × 0.3 = 0.6. கேள்வியில் தந்த எண் குலையவில்லை. ஆனால் மூன்று நாளும் மழையில்லாமல் இருக்க 0.4 × 0.7 × 0.7 = 0.196. சேரின் விடையைப்போல மூன்று மடங்கு! மூன்று நாளும் மழைக்கும் அப்படியே: 0.216 அல்ல, 0.384.

நேற்றையதில் இன்றையது தொங்கும் இத்தகைய தொடர்களுக்கு மார்க்கொவ் சங்கிலி என்று பெயர். அந்த ருஷ்யக் கணிதர் 1913இல் ஒரு கவிதையின் 20,000 எழுத்துகளை எடுத்து, உயிருக்குப் பின் உயிர் எத்தனை, மெய் எத்தனை என்று கையாலேயே எண்ணினார். பொறுமைசாலி.

வட்டைப்புள்ள:
நன்றி சேர். அப்ப மூன்று நாளில் எதிர்பார்க்கும் மழை நாட்களும் மாறுமா?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தி:
மாறாது, இரண்டு முறையிலும் 1.8தான். எதிர்பார்வையைக் கூட்டுவதற்குச் சாராமை தேவையில்லை. மாறற்றிறன்தான், அதாவது மழை நாட்கள் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறும் என்ற அளவுதான், 0.72இலிருந்து 1.32க்கு ஏறும். உடன்மாறற்றிறன் (இரண்டு கணியங்கள் சேர்ந்து மாறும் அளவு) பாடம் வந்ததும் நீங்களே போட்டுப் பாருங்கள். பரீட்சையில் 0.064 எழுதுங்கள், ஆனால் 'நாட்கள் ஒன்றையொன்று சாரா எனக் கொண்டு' என்று மேலே ஒரு வரி போட்டுவிடுங்கள்.