சிராகியூஸ் நேஷனல்ஸ்: 24 விநாடி எப்படி வந்தது?

கேள்வி:
அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஷாட் கிளாக் (பந்து கிடைத்த அணி இத்தனை விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற விதி) நேஷனல்ஸ் அணியின் ஊரான சிராகியூஸில்தான் பிறந்தது என்கிறார்கள். 25, 30 என்று வைக்காமல் ஏன் 24? இவ்வளவு செய்த அணி ஏன் ஊரைவிட்டுப் போனது?

பதில் 1:
அணி உரிமையாளர் டேனி பயசோன் போட்ட கணக்கு அது. விறுவிறுப்பான ஆட்டத்தில் ஓர் அணி சுமார் 60 ஷாட் அடிக்கும்; இரண்டும் சேர்ந்து 120. ஆட்ட நேரம் 48 நிமிடம், அதாவது 2880 விநாடி. வகுத்தால் 24. அதற்கு முன்பு, முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கையிலேயே வைத்து நேரத்தைக் கடத்தும். எதிரணி ஃபவுல் செய்துதான் பந்தை வாங்க வேண்டும். 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெயின் பிஸ்டன்ஸ் லேக்கர்ஸை வென்ற ஸ்கோர் 19-18! பயசோன் இல்லையென்றால் லீக் பிழைத்திருக்காது என்பது என் கருத்து.

பதில் 2:
விதி அமலானது 1954-55 சீசனில். அணிகளின் சராசரி 79.5 புள்ளியிலிருந்து 93.1க்கு ஏறியது. அதே சீசனில் நேஷனல்ஸ் சாம்பியன். பிஸ்டன்ஸுக்கு எதிரான இறுதித் தொடரின் 7வது ஆட்டத்தில் 17 புள்ளி பின்தங்கி, 92-91 என்று ஜெயித்தார்கள். கடைசியில் நேஷனல்ஸ் வீரர் ஜார்ஜ் கிங் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடையின்றி எறியும் வாய்ப்பு) போட்டார். அடுத்த நொடிகளில் பந்தையும் பறித்தார்.

பதில் 3:
போனதற்குக் காரணம் பணம்தான். சின்ன ஊரின் டிக்கெட் வசூல் பெருநகர அணிகளோடு போட்டிபோடப் போதவில்லை. 1962இல் ஃபிலடெல்ஃபியாவின் வாரியர்ஸ் அணி சான் ஃபிரான்சிஸ்கோ போனதும் அந்தப் பெருநகரம் அணியில்லாமல் காலியானது. 1963இல் நேஷனல்ஸ் அங்கே மாறி 76ர்ஸ் ஆனது.