ஸ்பைடர்-மேன் 2 ஜெயித்தும் ஆட்குறைப்பு ஏன்? பெரிய பட்ஜெட் கேம்கள் ஸ்டுடியோவைத் தாங்குமா?

முகிலன்:
2023 அக்டோபரில் வந்த ஸ்பைடர்-மேன் 2 அடுத்த ஏப்ரலுக்குள் 1.1 கோடி பிரதிகளைத் தாண்டியது. ஆனால் இடையில், 2024 பிப்ரவரியில், சோனி சுமார் 900 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது அந்த கேமை உருவாக்கிய அதன் இன்சோம்னியாக் ஸ்டுடியோவிலும் ஆட்கள் வேலை இழந்தார்கள். சோனியின் லண்டன் ஸ்டுடியோவை மூடுவதாகவும் அன்றே சொன்னார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஹேக்கர்கள் திருடி வெளியிட்ட இன்சோம்னியாக் ஆவணங்களில் இந்த கேமின் செலவு 30 கோடி டாலர் அளவில் இருந்தது. முழு விலையில் 72 லட்சம் பிரதி விற்றால்தான் போட்ட பணம் திரும்பும் என்பது அவர்களுடைய கணக்கு. பெரும்பாலான ஸ்டுடியோக்கள் கண்ணால் பார்க்காத எண் இது. அதையும் தாண்டி ஓடிய கேமை எடுத்தவர்களுக்கே வேலை நிச்சயமில்லை என்றால், இந்த அளவு பட்ஜெட்டே ஸ்டுடியோவுக்கு ஆபத்து என்கிறேன்.

ராஜவேல்:
முகிலன், இரண்டு தனி விஷயங்களை முடிச்சுப் போடுகிறீர்கள். 2024ல் பெரியது சிறியது பார்க்காமல் எல்லா இடத்திலும் வெட்டினார்கள். ஹை-ஃபை ரஷ் பிரம்மாண்டமான கேமா? பாராட்டு, விருது எல்லாம் வாங்கியது. அதை எடுத்த டாங்கோ கேம்வொர்க்ஸை மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் மே மாதம் அறிவித்தது. அது முதலாளியின் முடிவு, பட்ஜெட்டின் குற்றம் இல்லை.

மறுபக்கம் சைபர்பங்க் 2077ஐப் பாருங்கள். 2020 டிசம்பர் 10ல் ஏகப்பட்ட பிழைகளோடு வெளியீடு, ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது, கேட்டவர்களுக்குப் பணம் வாபஸ். அந்த நிலையிலும் அந்த வருடத்துக்குள் 1.37 கோடி விற்றது. பிறகு வருடக்கணக்கில் திருத்தினார்கள், 2023ல் ஃபாண்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் பகுதி வந்தது, மொத்த விற்பனை 2.5 கோடியைத் தாண்டியது. சின்ன கேம் அப்படி வெளியாகியிருந்தால் மறுவாரமே மறந்திருப்பார்கள். விழுந்தாலும் எழ முடிந்தது பெரிதாக எடுத்ததால்தான்.

செண்பகா:
ராஜவேல் அண்ணா, அது எழுந்தது அதை எடுத்த சிடி ப்ராஜெக்டின் கையில் முந்தைய கேமான விட்சர் 3 சம்பாதித்த பணம் இருந்ததால். அந்த இருப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது?

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். அமெரிக்க ஸ்டுடியோக்களில் ஒரு ஆளுக்கு மாதம் 10,000 டாலர் என்று வைப்பது வெகுநாள் வழக்கம். சம்பளம், வாடகை, காப்பீடு, கணினி எல்லாம் அதில் அடங்கும். 300 பேர் என்றால் வருடத்துக்கு 3.6 கோடி, ஐந்து வருடத்தில் 18 கோடி டாலர். 70 டாலர் கேமில் கடைக்காரர் 30 சதவீதம் எடுத்தபின் 49 டாலர் மிஞ்சும். அந்த 18 கோடியை மீட்கவே 37 லட்சம் பிரதி வேண்டும். விளம்பரச் செலவும் தள்ளுபடி விற்பனையும் இதில் சேரவில்லை. வெளியீடு ஆறு மாதம் தள்ளிப்போனால், கேமில் ஒரு புதுக் காட்சிகூடச் சேராமல் இன்னும் 1.8 கோடி டாலர் போகும்.

பெரிய நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் பப்ளிஷர், அதாவது கேமை வெளியிடும் நிறுவனம், தரும் முன்பணத்தில் ஓடுகின்றன. அந்த முன்பணம் முழுக்கக் கழிந்த பிறகுதான் பொதுவாக ராயல்டி, அதாவது விற்பனையில் பங்கு, வரும். ஃபால்அவுட்: நியூ வேகாஸ் எடுத்த ஒப்சிடியனுக்கு விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. ஒரு மதிப்பெண்ணில் போனது!

ராஜவேல்:
கணக்கு சரி, செண்பகா. ஆனால் அது எல்லா வேலைக்கும் பொருந்தும். தோற்பது தவறான தீர்ப்பால். சோனி வெளியிட்ட கான்கார்ட் என்ற இணையத் துப்பாக்கிச் சண்டை கேமை எடுத்துக்கொள்ளுங்கள்: 2024 ஆகஸ்ட் 23ல் வந்தது, செப்டம்பர் 6ல் சர்வர் நிறுத்தம், அக்டோபரில் அதை எடுத்த ஃபயர்வாக் ஸ்டுடியோவுக்கே மூடுவிழா. ஓவர்வாட்ச் 2, வேலோரன்ட் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது அதே மாதிரி கேமுக்கு 40 டாலர் கேட்டார்கள். அதே வருடம், அதே சோனி, அதே 40 டாலர், ஹெல்டைவர்ஸ் 2 பன்னிரண்டு வாரத்தில் 1.2 கோடி விற்றது. அதுவும் கிட்டத்தட்ட எட்டு வருடம் எடுத்து முடித்த கேம்தான்.

முகிலன்:
நான் சொல்ல வந்ததும் அதுதான்! சந்தையை நன்றாக அறிந்த சோனியாலேயே இரண்டில் எது ஓடும் என்று முன்கூட்டிப் பார்க்க முடியவில்லை. அது தெரிந்திருந்தால், 2023ல் ஃபயர்வாக்கை விலைகொடுத்து வாங்கியிருப்பார்களா? தொடங்கும்போது இருந்த ரசனை முடிக்கும்போது இருக்காது. ராக்ஸ்டெடி ஸ்டுடியோ 2015ல் ஆர்க்கம் நைட் என்ற பேட்மேன் கேமைக் கொடுத்தது. நடுவே ஒரு சிறிய விஆர் கேமை விட்டால் அடுத்தது 2024ல் வந்த சூசைட் ஸ்குவாட். ராக்ஸ்டெடியின் முதலாளி வார்னர் அதில் 20 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. வார்னர் அடுத்த காலாண்டுக்குப் போய்விடும். ஒன்பது வருடத்தை ஒரே குதிரையின் மேல் கட்டிய ஸ்டுடியோவில் ஆட்குறைப்பு நடந்தது. ஆகவே நஷ்டம் முதலாளியுடையது, ஆபத்து ஸ்டுடியோவுடையது. செண்பகா சொன்ன 300 பேரை மூன்றாகப் பிரித்து மூன்று கேம் எடுக்கட்டும். ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டு சம்பளம் கொடுக்கும்.

ராஜவேல்:
சொல்வது சுலபம். கணினி கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 2024ல் மட்டும் 18,000க்கு மேல் கேம்கள் வந்தன. அந்தக் கூட்டத்தில் நடுத்தர கேம் ஒன்றை யார் கண்டுபிடிப்பார்கள்? எக்ஸ்பெடிஷன் 33 ஒரு சிறிய குழுவின் வெற்றி என்று எல்லோரும் கொண்டாடுகிறோம். நானும் இரண்டு முறை முடித்தேன். ஆனால் அதைப் போல எடுத்து யாருக்கும் தெரியாமல் போனவற்றின் பட்டியலை யாரும் எழுதுவதில்லை. பெரிய பட்ஜெட் வாங்குவது கிராஃபிக்ஸை மட்டுமல்ல, மக்கள் கவனத்தையும்தான். நல்ல ஸ்டுடியோக்கள் பயந்து சுருங்கினால் அந்த அளவு உலகங்களை யார் கட்டுவார்கள்? அது எனக்கு நிஜமாகவே கவலை.

செண்பகா:
நான் பெங்களூருவில் வெளிநாட்டு கேம்களுக்கு ஆர்ட் செய்துகொடுக்கும் நிறுவனத்தில் இருக்கிறேன். அங்கே ஒரு பெரிய கேமைக் கைவிட்டால் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும், அந்தக் குழு அடுத்த மாதம் இருக்காது. அதனால் எனக்குப் பெரிய கேம் வேண்டுமா என்பது கேள்வியே இல்லை அண்ணா, வரட்டும். பட்ஜெட் போடும்போதே, கேம் வெளியான பிறகு ஒரு வருடச் சம்பளத்தையும் செலவில் சேர்க்க வேண்டும் என்கிறேன். மேலே சொன்ன 300 பேர் ஸ்டுடியோவுக்கு அது 3.6 கோடி டாலர். அதை ஒதுக்க முடியாது என்றால், அந்த ஸ்டுடியோ அந்த கேமைத் தொடங்கக் கூடாது.