டிரங்க்கை டிஎல்எஸ்ஸுக்கு மாற்றினால் "அன்அவெய்லபிள்" என்கிறது

நெட்மணி:
எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் டெபியன் 12 (லினக்ஸ்) மேல் ஆஸ்டரிஸ்க் 20 (போன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள்) ஓடுகிறது. டிரங்க் (வெளிக் கால்களுக்கான இணையவழி லைன்) இதுவரை பூட்டில்லாத யூடிபி, போர்ட் 5060-இல்தான். கிளையண்ட்டுகள் பான் எண், பேங்க் கணக்கு எல்லாம் போனிலேயே சொல்வதால் டிஎல்எஸ் (கால் இணைக்கும் சிக்னலிங்குக்குப் பூட்டு), எஸ்ஆர்டிபி (குரலுக்குப் பூட்டு) இரண்டும் வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். டிரங்க் கொடுப்பவர்கள் 5061-ஐத் திறந்துவிட்டார்கள். பிஜேசிப் (ஆஸ்டரிஸ்க்கின் சிக்னலிங் பகுதி) கான்ஃபிக்கில் டிஎல்எஸ்ஸுக்குத் தனி டிரான்ஸ்போர்ட் சேர்த்தேன். உள் போன்களுக்கான யூடிபி அப்படியே இருக்கிறது. கான்டாக்ட் (எதிர் சர்வரின் முகவரி) வரியில் அவர்கள் சர்வர் பெயர், 5061, அரைப்புள்ளி, டிரான்ஸ்போர்ட்=டிஎல்எஸ் என்று போட்டிருக்கிறேன். கான்டாக்ட் அன்அவெய்லபிள். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் (டிஎல்எஸ்ஸைச் சோதிக்கும் கருவி) வைத்து அதே போர்ட்டுக்குப் போனால் ஹேண்ட்ஷேக் (டிஎல்எஸ் தொடக்க உடன்பாடு) சுத்தமாக முடிகிறது. ஃபயர்வால் இல்லையென்றால் வேறென்ன?

பழைய_லைன்மேன்:
பிஜேசிப் லாகரை ஆன் செய்து, வெளியே போகும் ஆப்ஷன்ஸில் (எதிர் சர்வர் இருக்கிறதா என்று கேட்கும் மெசேஜ்) வயா வரி (எந்த வழியில் போகிறது என்று சொல்வது) என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

நெட்மணி:
யூடிபி என்று இருக்கிறது அண்ணா! போர்ட் மட்டும் 5061.

பழைய_லைன்மேன்:
அப்படியானால் அந்த அரைப்புள்ளிதான். ஆஸ்டரிஸ்க் கான்ஃபிக்கில் அரைப்புள்ளிக்குப் பின்னால் வருவதெல்லாம் கமெண்ட். "டிரான்ஸ்போர்ட்=டிஎல்எஸ்" அங்கேயே வெட்டுப்பட்டுவிட்டது. அதற்கு முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போடுங்கள். எரர் எதுவும் காட்டாது, அதுதான் எரிச்சல்.

அதோடு இன்னொன்று, இது அதைவிட முக்கியம். டிரான்ஸ்போர்ட்டில் வெரிஃபை சர்வர் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. சும்மா விட்டால் அது "நோ". அதாவது எதிரே யார் சர்டிஃபிகேட் (சர்வரின் அடையாளச் சான்று) நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும். நடுவில் ஒருவன் உட்கார்ந்தாலும் லாகில் அழகாக டிஎல்எஸ் என்றுதான் வரும். அதை "யெஸ்" ஆக்கி, சிஏ லிஸ்ட் ஃபைலுக்கு டெபியனின் சிஏ பண்டிலைக் (நம்பத்தக்க சர்டிஃபிகேட் வழங்குபவர்களின் பட்டியல்) காட்டுங்கள். கான்டாக்ட்டில் ஐபி போடாதீர்கள். சர்டிஃபிகேட்டில் உள்ள பெயரே இருக்கட்டும். டிரான்ஸ்போர்ட் மாற்றங்களுக்கு ரீலோட் போதாது, ஆஸ்டரிஸ்க்கை ரீஸ்டார்ட் செய்யவேண்டும். ஆபீஸ் முடிந்தபிறகு செய்யுங்கள்.

நெட்மணி:
கான்டாக்ட் அவெய்லபிள் ஆகிவிட்டது, நன்றி. இப்போது வெளியே கால் போட்டால் 488 (இந்த மீடியாவை ஏற்க முடியாது என்ற பதில்) வருகிறது.

டயல்டோன்:
எண்ட்பாயிண்ட்டில் (பிஜேசிப் கான்ஃபிக்கில் டிரங்க்குக்கான பகுதி) மீடியா என்கிரிப்ஷன் வைக்கவில்லை போலிருக்கிறது. உங்கள் எஸ்டிபியில் (குரலை எப்படி அனுப்புவது என்று சொல்லும் பகுதி) ஆர்டிபி/ஏவிபி, அதாவது பூட்டில்லாத குரல், என்று போகும். அவர்கள் எஸ்ஏவிபி (பூட்டிய குரல்) இல்லாமல் எடுக்கமாட்டார்கள். எஸ்டிஇஎஸ் (எஸ்ஆர்டிபி சாவியைப் பரிமாறும் முறை) என்று வையுங்கள். எஸ்ஆர்டிபி மாட்யூல் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆப்டிமிஸ்டிக் என்ற ஆப்ஷனும் இருக்கிறது, அதையும் யெஸ் போட்டால் சச்சரவு இருக்காது.

பழைய_லைன்மேன்:
ஆப்டிமிஸ்டிக் வேண்டாம் தம்பி. எதிர்ப்பக்கம் எஸ்ஆர்டிபி தரவில்லையென்றால் வாயை மூடிக்கொண்டு சாதா ஆர்டிபியில் பேசவிட்டுவிடும். ஆடிட்டர் ஆபீஸில் கால் விழாமல் போனால் உடனே தெரிந்துவிடும், பூட்டில்லாமல் போனால் யாருக்கும் தெரியாது. எஸ்டிஇஎஸ்ஸில் குரலைப் பூட்டும் சாவியே எஸ்டிபிக்குள் கிரிப்டோ வரியில் போகிறது. அதனால் சிக்னலிங் டிஎல்எஸ்ஸில் இருந்தே ஆகவேண்டும். யூடிபியில் எஸ்ஆர்டிபி வைப்பது சும்மா கண்துடைப்பு.

நெட்மணி:
எஸ்டிஇஎஸ் வைத்ததும் கால் போகிறது, குரலும் இருபக்கமும் வருகிறது. உள்ளே வரும் கால்களுக்கு அவர்களே நம் 5061-க்கு வருவார்கள் (ஐபி வைத்து அங்கீகாரம்). நமக்கும் சர்டிஃபிகேட் வேண்டுமா?

பழைய_லைன்மேன்:
வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் (இலவச சர்டிஃபிகேட்) போதும், ஆனால் அவர்கள் அதை ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரைவேட் கீ ரூட்டுக்கு மட்டும் திறக்கும்படி இருக்கும், ஆஸ்டரிஸ்க் யூசரால் படிக்க முடியாது. ரினியூ ஆனதும் காப்பி எடுத்து உரிமை மாற்றும் ஸ்கிரிப்ட்டை டிப்ளாய் ஹுக்கில் (ரினியூ ஆனதும் தானாக ஓடும் இடம்) போடுங்கள். சாரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இந்தப் பூட்டு டிரங்க் கொடுப்பவரின் சர்வர் வரைக்கும்தான். அதற்கப்புறம் கிளையண்ட்டின் மொபைல் வரை என்ன நடக்கிறது என்பது நம் கையில் இல்லை. பான் எண்ணை போனில் கேட்கலாமா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யட்டும்.